கிள்ளானிலிருந்து வரும் ரேட்

காலையில் பிஸ்மி சொல்லிக் கடையின் ஷட்டரைத் தூக்குவேன். விளக்கைப் போடுவேன். அதற்குப் பிறகு ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நிற்பேன். கிள்ளானிலிருந்து என் தங்கை போன் பண்ணும் வரைக்கும் என் ரேட் பலகையில் ஒரு எண்ணைக்கூட நான் மாற்றக் கூடாது. நாற்பத்தாறு வயதில் எனக்குக் கிடைத்த மரியாதை அது.

எங்கள் வாப்பா காதருக்கு வெளிநாட்டுப் பணம் மாற்றிக் கொடுக்கும் மணி சேஞ்சர் கடைகள் இரண்டு. ஒன்று பிரிக்ஃபீல்ட்ஸில், பூக்கடைகளுக்கும் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்கும் நடுவில். அதை நான் பார்த்துக்கொள்கிறேன். மற்றது கிள்ளானில், லிட்டில் இந்தியாவின் சேலைக் கடைகளுக்கு இடையில். அது ஃபஹீமாவிடம். நான் மூத்தவள், அவள் இளையவள். இதை அடிக்கடி சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் எங்கள் வீட்டில் யாருக்கும் அது நினைவில் இருப்பதில்லை.

வாப்பா தொழிலில் இரண்டு சட்டங்கள் வைத்திருந்தார். முதலாவது, இரண்டு கடைப் பலகையிலும் ஒரே ரேட் இருக்க வேண்டும். இரண்டாவது, சந்தை எப்படிக் குதித்தாலும் எங்கள் பலகை குதிக்கக் கூடாது. சிங்கப்பூர் டாலர் வெளியே மூன்று சென், எங்கள் ஊர்க் காசில் மூன்று காசு, இறங்கினால் எங்களிடம் இன்று ஒரு சென் இறங்கும், நாளை இன்னொரு சென், மறுநாள் மீதி. ஏறும்போதும் அதே நடைதான். நஷ்டம் வராமல் இருக்க, வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவே கொஞ்சம் இடம் விட்டு வைத்திருப்பார். ஏன் இப்படி என்று கேட்டால், “போர்டைப் பாக்குறவன் மொகம் மாறக் கூடாதும்மா. சிங்கப்பூர்க்காரனே அவன் காச மெதுவாத்தான் நகத்துறான். நம்ம என்ன அவனைவிடப் பெரிய ஆளா?” என்பார். பக்கத்துத் தெரு சேஞ்சர்கள் காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று என்று மாற்றிக்கொண்டிருப்பார்கள். எங்களுக்கு முப்பது வருஷத்து வாடிக்கைக்காரர்கள் இருப்பது அந்த நடையால்தான். அதில் எனக்குச் சண்டை இல்லை.

அந்த நடையை யார் தீர்மானிப்பது என்பதில்தான் சண்டை. முழங்கால் வலியால் வாப்பா கடைக்கு வருவதை நிறுத்தியபோது, நோன்புப் பெருநாளன்று எல்லாரும் உட்கார்ந்திருக்கையில், “இனிமே ரேட்டை ஃபஹீமா சொல்லட்டும்” என்றார். நான் கையில் வைத்திருந்த ரெண்டாங் கறித் தட்டை அப்படியே மேஜையில் வைத்துவிட்டு ஏன் என்று கேட்டேன்.

“நீ பதறுவே. அவ பதற மாட்டா” என்றார்.

பதறுவேனாம். அவள் பள்ளிக்கூடம் முடிக்கும் முன்பே நான் அந்தக் கல்லாவில் உட்கார்ந்தவள். எந்த நோட்டு கள்ள நோட்டு என்று விரலிலேயே தெரியும் எனக்கு. அவள் எல்லாவற்றுக்கும் மெஷினைப் பார்ப்பாள். வாப்பா இருப்பதும் அவள் வீட்டில்தான், கிள்ளானில், கடைக்கு எதிரிலேயே. காலையில் அவருக்குத் தேத்தண்ணி ஆற்றிக் கொடுத்துவிட்டு, மொத்த வியாபாரியிடமிருந்து போனில் வந்த விலையைப் பார்த்துவிட்டு, நிதானமாக என்னைக் கூப்பிடுவாள்.

“ராத்தா, சிங் டாலர் இன்னைக்கி ஒரு சென் கம்மி. மத்ததெல்லாம் நேத்து மாதிரியே.”

அந்தக் குரலில் பெருமை இருந்திருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். அது கூட இல்லை. வீட்டில் உப்பு தீர்ந்துவிட்டது என்று சொல்வதைப் போலச் சொல்வாள். வயிறு எரியும் எனக்கு.

இதில் வாடிக்கைக்காரர்கள் வேறு. சீவரத்தினம் அங்கிள் அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், பிரிக்ஃபீல்ட்ஸிலேயே வீடு. மகள் சிங்கப்பூரில் இருப்பதால் மாதாமாதம் என்னிடம் டாலர் வாங்குவார். ஒரு மாதம் ஆளைக் காணோம். அடுத்த முறை வந்தபோது கேட்டேன்.

“கிள்ளான்ல ஒரு கல்யாணத்துக்குப் போனேன், பிள்ளை. அப்படியே உங்க தங்கச்சி கடையில மாத்திட்டேன். எவ்வளவு தன்மையாப் பேசுது! ஒரு கோப்பி வேற வாங்கித் தந்துச்சு.”

நான் இத்தனை வருஷமாக அவருக்குச் சிரித்த முகத்தோடு நோட்டு எண்ணிக் கொடுத்திருக்கிறேன். ஒரு கோப்பியில் எல்லாம் போயிற்று.

எங்கள் ஊர்ப் பணமான ரிங்கிட் வலுத்துக்கொண்டே வந்த நாட்கள் அவை. சிங்கப்பூர் டாலர் நாளுக்கு நாள் இறங்கிக்கொண்டிருந்தது. ஃபஹீமா சட்டப்படி ஒவ்வொரு சென்னாக இறக்கினாள். சில நாள் இறக்கவே மாட்டாள், “நேத்து மாதிரியே” என்பாள். எனக்குக் கை பரபரத்தது. வாப்பா ரஜப் மாதத்தில் உம்ரா யாத்திரைக்குப் போவதாக இருந்தார். போகும் முன் கடைப் பொறுப்பை முறைப்படி ஒருவரிடம் ஒப்படைத்துவிடுவதாகவும் சொல்லியிருந்தார். அதை அவள் தட்டிக்கொண்டு போனால், நான் சாகும் வரை காலையில் ரிமோட்டோடு நின்று அவள் போனுக்குக் காத்திருக்க வேண்டியதுதான்.

ஒரு திங்கட்கிழமை அவள் சொன்ன விற்கும் விலையில் ஒரு சென் குறைத்துப் போட்டேன். வாங்கும் விலையைத் தொடவில்லை. மூன்று நாள் கழித்து இன்னொரு சென், அப்படியே அவ்வப்போது இன்னும் சில. வாப்பா கற்றுக்கொடுத்த அதே நடைதான், யார் முகமும் மாறாமல். மொத்த வியாபாரியின் விலைக்குக் கீழே மட்டும் போகவில்லை, நான் ஒன்றும் முட்டாள் இல்லை. மாதக் கணக்கை ஃபஹீமாதான் பார்ப்பாள், அவளுக்குத் தெரிந்துவிடும் என்று யோசித்தேன். தெரியட்டும் என்று தோன்றியது. என் கடையில் கூட்டம் நிற்பதை அவள் கணக்கிலாவது பார்க்கட்டும்.

கூட்டம் வரத்தான் செய்தது. அதில் எனக்கு மிகவும் பிடித்த ஆள் விஜயன். கிள்ளான் துறைமுகத்துப் பக்கம் லோரி வைத்து ஓட்டுகிறவர், கழுத்தில் தடித்த சங்கிலி, வாய் நிறையப் பேச்சு. முதல் நாளே அவர் சொன்ன வார்த்தை என்னைக் குளிரவைத்துவிட்டது.

“கிள்ளான்லேர்ந்து வரேன் அக்கா. அங்க உங்க தங்கச்சி கடை வாசல்லதான் காடியப் பார்க் பண்ணுவேன். ஆனா ரேட்டுன்னா இங்கதான் லா. அங்க மெதுவாத்தான் எறக்குறாங்க.”

“அது அப்படித்தான். பயந்த சுபாவம்” என்றேன். நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் ஒன்று அவருக்கு வரவழைத்துக் கொடுத்தேன். ஃபஹீமா மட்டும்தான் கோப்பி வாங்கிக் கொடுப்பாளா?

அதன் பிறகு விஜயன் அடிக்கடி வந்தார். வரும்போதெல்லாம் முன்பைவிடக் கூடுதலாக வாங்கினார். ஜொகூர் வழியாகச் சிங்கப்பூருக்கு லோரி போகிறது, அந்தப் பக்கம் செலவு இருக்கிறது என்றார். நான் ஏன் துருவப் போகிறேன்? ஐடி கார்டை வாங்கிப் பதிந்துகொண்டு, கட்டுக் கட்டாக எண்ணிக் கொடுத்தேன். என் கட்டுகளை யார் பார்த்தாலும் சொல்லிவிடலாம். பிளாஸ்டிக் நோட்டு மடியாது, துள்ளும். அதனால் சுவரில் தொங்கும் தொழுகை நேரக் காலண்டரிலிருந்து முந்தின நாள் தாளைக் கிழித்து, அதைப் பட்டையாக மடித்துச் சுற்றி ஒட்டுவேன். ஃபஹீமா ரப்பர் பேண்ட் போடுவாள். அவள் எப்போதும் சுலபமான வழியைத்தான் எடுப்பாள்.

விஜயன் வாங்கிய வேகத்தில் என்னிடம் சிங்கப்பூர் டாலர் தீர்ந்துகொண்டே வந்தது. வேறு வழியில்லாமல் கிள்ளானைக் கேட்டேன்.

“இங்க நெறையச் சேந்து கெடக்கு ராத்தா. மச்சான்கிட்ட குடுத்து விடுறேன்” என்றாள்.

என் வீட்டுக்காரர் இல்யாஸுக்கு ஷா ஆலமில் தொழிற்சாலை வேலை. வேலை முடிந்து கிள்ளான் போய் வாங்கிக்கொண்டு வந்தார். ரப்பர் பேண்ட் போட்ட கட்டுகள். அவற்றை எடுத்து அடுக்கும்போது எனக்கு உண்டான சந்தோஷத்தை மறைக்கவில்லை.

“பாத்தீங்களா? அவகிட்ட விக்காமக் கெடக்குது. என்கிட்ட பத்தல.”

இல்யாஸ் செருப்பைக் கழற்றிக்கொண்டே, “உனக்கு அவ தங்கச்சியா, எதிர்க்கடையா?” என்றார்.

“ரெண்டுந்தான்” என்றேன்.

இப்படி நாலைந்து தடவை நடந்தது. அங்கிருந்து வரும், இங்கிருந்து போகும், மறுபடி அங்கிருந்து வரும். நான் ஒரு கணமும் யோசிக்கவில்லை. யோசிப்பதற்கு எனக்கு நேரம் எங்கே இருந்தது? கிள்ளான் கடையில் நாள் முழுதும் ஈ ஓட்டிக்கொண்டிருக்கும் ஃபஹீமாவைக் கற்பனை செய்வதிலேயே என் பொழுது போய்விட்டது.

பிறகு அவள் ரேட் இறங்கத் தொடங்கியது. ஒரு நாள்கூட “நேத்து மாதிரியே” கிடையாது. தினமும் ஒரு சென் கம்மி, வாங்குவதிலும் விற்பதிலும். அடுத்தடுத்து இறங்கிக்கொண்டே வந்து, ஒரு நாள் காலையில் அவள் போனில் சொன்ன விற்கும் விலையும் என் பலகையில் திருட்டுத்தனமாக நின்ற எண்ணும் ஒன்றாகிவிட்டன. நான் எதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை.

எனக்குக் காரணம் உடனே புரிந்துவிட்டது. என்னைப் பார்த்துக் காப்பி அடிக்கிறாள். யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள், பிரிக்ஃபீல்ட்ஸில் வரிசை நிற்கிறது என்று. பதறாதவள் பதறிவிட்டாள்! அன்று முழுதும் நான் வாடிக்கைக்காரர்களிடம் தேன் ஒழுகப் பேசினேன். விஜயன் வருவது நின்றுபோனதைக்கூட நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. லோரி வேறு பக்கம் போயிருக்கும் என்று நினைத்தேன்.

வாப்பா உம்ராவுக்குக் கிளம்பும் முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஃபஹீமா வீட்டில் விருந்து. நெய்ச்சோறு, தால்ச்சா, ஆட்டுக்கறி. சமையலிலும் அவள் கை தேர்ந்ததுதான், அதையும் சொல்லித் தொலைக்க வேண்டியிருக்கிறது. நான் வழியெல்லாம் காரில் பேசிப் பார்த்துக்கொண்டே வந்திருந்தேன். வாப்பா அவள் பெயரைச் சொன்னால் என்ன கேட்பது, எந்த இடத்தில் அழுவது என்றுகூட முடிவு செய்து வைத்திருந்தேன். இல்யாஸ் ரேடியோ சத்தத்தைக் கூட்டிவிட்டார்.

சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு வாப்பா சோபாவில் சாய்ந்துகொண்டு பேசினார்.

“ரெண்டு மாசமா இங்க போர்டைப் பாத்துக்கிட்டே இருந்தேன். டாலர் இந்த மாதிரி எறங்கும்போது ரொம்ப மெதுவாப் போனா, நம்ம தலையிலதான் விடியும். ஆரம்பத்துல மெதுவாத்தான் இருந்துச்சு. அப்புறம் சரியான வேகத்துக்கு வந்துருச்சு. ஒரு சென்னுக்கு மேல ஒரு நாளும் தாண்டல. யாரும்மா இந்த வேகத்தப் புடிச்சதுன்னு ஃபஹீமாவக் கேட்டேன். ராத்தாதான்னு சொன்னா. ராத்தா முன்னாடியே எறக்கிட்டா, நான் அவளப் பாத்துத்தான் எறக்குனேன்னா.” என் பக்கம் திரும்பினார். “நான் தப்பா எடை போட்டுட்டேன் தஸ்லீமா. இனிமே நீயே சொல்லு. பொறுப்பு ஒன் பேர்லயே இருக்கட்டும்.”

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. தயாராக வைத்திருந்த அழுகை அல்ல அது. வாப்பாவின் கையைப் பிடித்து முத்தமிட்டேன். முத்தமிட்டு நிமிர்ந்ததும் முதல் வேலையாக ஃபஹீமாவின் முகத்தைப் பார்த்தேன். இத்தனை நாள் என் வயிற்றில் எரிந்ததில் ஒரு பொட்டாவது அந்த முகத்தில் தெரிய வேண்டும் என்று தேடினேன். அவள் வாப்பாவின் தலையணையைச் சரி செய்துகொண்டிருந்தாள்.

விடுவேனா? சமையலறைக்குப் பின்னாலேயே போனேன். அவள் மிச்சச் சோற்றை எனக்காக டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தாள்.

“என்னைப் பாத்துக் காப்பி அடிச்சேன்னு நீயே ஒத்துக்கிட்டியே. பரவால்ல, நல்ல மனசுதான்” என்றேன். சிரித்துக்கொண்டேதான் சொன்னேன்.

அவள் என்னைப் பார்த்தாள். வாசல் பக்கம் யாராவது வருகிறார்களா என்றும் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, “விஜயன்னு ஒருத்தர் ஒன்கிட்ட வருவாருல்ல?” என்றாள்.

“ஆமா. ஒன் ரேட் புடிக்காம வந்தவரு.”

“ஒன்கிட்ட வாங்கி என்கிட்டதான் ராத்தா வித்தாரு. நீ விக்கிற வெல, நான் வாங்குற வெலைக்குக் கீழ போயிருச்சு. காலைல பிரிக்ஃபீல்ட்ஸ், மத்தியானம் கிள்ளான். கோமுட்டர் ரயில் டிக்கெட் போக மிச்சமெல்லாம் அவருக்கு லாபம்.”

“யாரு சொன்னா?”

“ஒன் காலண்டர் தாளு சொல்லுச்சு. அந்த ஆளு அதக்கூட உருவல. அப்படியே கொண்டாந்து கவுன்டர்ல வச்சாரு. நான் பிரிச்சு ரப்பர் பேண்டு போட்டேன், மச்சான் திரும்ப ஒன்கிட்டயே கொண்டாந்து குடுத்தாரு.”

அங்கிருந்து வந்தது, இங்கிருந்து போனது, மறுபடி அங்கிருந்து வந்தது, எல்லாம் வாப்பாவின் பணம்தான். சுற்றுக்குச் சுற்று அந்தச் சங்கிலிக்காரன் ஒரு கிள்ளு எடுத்திருக்கிறான். நான் அவனுக்குத் தே தாரிக் வேறு வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.

“அன்னைக்கே எனக்குப் போன் பண்ணிக் கேக்க வேண்டியதுதானே?” என்றேன். குரல் ஏறிவிட்டது.

“மெதுவா. வாப்பா காதுல விழும்.” அவள் டப்பாவின் மூடியை அழுத்தினாள். “கேட்டா நீ சண்டைக்கி வருவே. ஒரேடியா எறக்கி நிறுத்தியிருந்தா வாப்பா ஏன்னு கேப்பாரு. அதான் தெனம் ஒரு சென்னா எறக்கி ஒன் பக்கத்துல வந்து நின்னுக்கிட்டேன். அதுக்கப்புறம் அவர் வரல.”

“போன காசு?”

“அத நான் என் கையிலேர்ந்து போட்டுச் சரி பண்ணிட்டேன். கணக்குல ஒண்ணுமில்ல. விடு.”

“அப்ப வாப்பாகிட்ட ஏன் நான்தான்னு சொன்னே?”

நான் ஏதாவது குத்தலை எதிர்பார்த்தேன், அதைப் பிடித்துக்கொண்டு திருப்பி அடிக்கலாமே என்று காத்திருந்தேன்.

“நீ முன்னாடி எறக்குனது நெசந்தானே. டாலரும் அந்தப் பக்கந்தான் போச்சு. அதோட, ஒனக்கு ரொம்ப ஆசையா இருந்துச்சு ராத்தா. எனக்கு அப்படி ஒண்ணும் இல்ல” என்றாள்.

ஆசை இல்லையாம். நான் இரவும் பகலும் எதற்காக எரிந்தேனோ, அது அவளுக்கு மேஜையில் மிஞ்சிய நெய்ச்சோறு மாதிரி. ராத்தா கொண்டு போகட்டும் என்று டப்பாவில் போட்டு மூடிக் கொடுத்துவிட்டாள். அவள் அதைப் பிடுங்கிக்கொண்டிருந்தால் நான் அவளை வெறுத்திருப்பேன், அது எனக்குப் பழகிய வேலை. இப்போது என்ன செய்வது? காரில் திரும்பி வரும்போது இல்யாஸ், “அதான் கெடச்சிருச்சே, ஏன் மூஞ்சிய இப்படி வச்சிருக்கே?” என்று கேட்டார். மடியிலிருந்த டப்பா இன்னும் சூடாக இருந்தது.

மறுநாள் காலை முதல்முறையாக நான் கிள்ளானைக் கூப்பிட்டேன். மொத்த வியாபாரியின் விலை போனில் வந்திருந்தது. சரியான எண் எது என்று எனக்கு நன்றாகவே தெரியும், இன்னும் ஒரு சென் இறக்க வேண்டும். ஆனால் இரவெல்லாம் தூங்காத வயிற்றெரிச்சல் சும்மா இருக்கவிடவில்லை. வேண்டுமென்றே மாற்றிச் சொல்ல நினைத்தேன். அவள் மறுத்துப் பேசட்டும், இல்லை ராத்தா தப்பு என்று ஒரு வார்த்தை சொல்லட்டும். அப்போது பொறுப்பு யாரிடம் இருக்கிறது என்று நான் கேட்கலாம். ஒரு நல்ல சண்டை போட்டால் எல்லாம் பழையபடி ஆகிவிடும்.

“சிங் டாலர் நேத்து மாதிரியே” என்றேன்.

“சரி ராத்தா” என்றாள். அவ்வளவுதான். கேள்வி இல்லை, தயக்கம் இல்லை. வாப்பாவுக்குத் தேத்தண்ணி ஆற வைத்திருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.

நான் பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சட்டப்படி இப்போது கிள்ளானிலும் அந்தத் தப்பான எண்தான் இருக்கும். சொன்னவள் நான், பொறுப்பு என் பேரில். முதல் நாளே வாப்பா வாசல் வழியாக எட்டிப் பார்த்து, ஏன் இறக்கவில்லை என்று கேட்டால்? வெளியே பூக்கட்டும் அக்கா வாளித் தண்ணீரை ஊற்றிப் படியைக் கழுவிக்கொண்டிருந்தாள். எனக்கு வேர்த்துவிட்டது. மறுபடி கூப்பிட்டேன்.

“ஃபஹீமா, ஒரு சென் எறக்கிப் போடு.”

“எறக்கித்தான் போட்டிருக்கேன் ராத்தா” என்றாள். “நீ எப்படியும் திரும்பக் கூப்பிடுவேன்னு தெரியும்.”

ரிமோட்டை எடுத்து என் பலகையில் ஒரு சென் இறக்கினேன். கிள்ளானில் அது ஏற்கெனவே இறங்கியிருந்தது.